தூங்கவும் டோக்கன்

பதினெட்டு வயதுக் கால்பந்து வீரர் ஒருவர். காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டோம். பந்தைக் கடத்தப் பழக்கினோம். கோலை நோக்கி நூறு முறை உதைக்கச் சொன்னோம். பையன் களைத்துவிட்டான். இப்போது என்ன செய்வது? வயிறாரச் சோறு போட்டுத் தூங்க விடலாம் என்பீர்கள். அதனால்தான் உங்களை யாரும் மேனேஜர் ஆக்கவில்லை. கடைக்குப் போக வேண்டும் ஐயா. ஓய்வு அங்கே பொட்டலம் பொட்டலமாக விற்கிறது.

மேனேஜர் கேம் என்று இணையத்தில் ஒரு வகை உண்டு. இதில் நீங்கள் பந்தை உதைப்பதில்லை. ஒரு கிளப் உங்கள் கையில். ஆள் எடுக்கலாம், விற்கலாம், அணி வகுக்கலாம், பயிற்சி கொடுக்கலாம். ஆட்டத்தைக் கணினி ஆடிக்கொள்ளும். முடிவைப் பார்த்து ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு. பஸ் ஜன்னலோரத்தில், ஆபீஸ் மேஜைக்கு அடியில், கழிவறையில் என்று இதை ஆடுகிற ஜனம் உலகெங்கும் இருக்கிறது. அந்த ஜனத்துக்குள் தீராத வழக்கு ஒன்று நடக்கிறது. வீரருக்குப் பயிற்சி எப்படி நடக்க வேண்டும்? மெதுவாகவா, வேகமாகவா? மேனேஜரின் மூளையை நம்பியா, பர்ஸை நம்பியா?

தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. பர்ஸ் ஜெயித்தது. நாம்தான் காலியான கோர்ட்டில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

'டாப் லெவன்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். செர்பியாவின் பெல்கிரேடு நகரத்தில் நோர்டியஸ் என்ற நிறுவனம் 2010-இல் தொடங்கியது. புகழ்பெற்ற பயிற்சியாளர் ஜோசே மொரின்யோவின் முகத்தைப் போட்டு விளம்பரம் செய்தார்கள். அதில் பயிற்சித் திரையைத் திறந்தால் வீரர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பட்டை தெரியும். அதுதான் அவர் உடல்நிலை. ஒவ்வொரு பயிற்சிக்கும் பட்டை கரையும். கரைந்த பட்டையோடு ஆட்டத்தில் இறக்கினால் பையன் தள்ளாடுவான். காத்திருந்தால் பட்டை தானாக நிரம்பும், மணிக்கணக்கில், எறும்பு ஊர்கிற வேகத்தில். காத்திருக்க முடியாதா? பச்சைப் பொட்டலம் ஒன்றைத் தட்டுங்கள். எழுந்து நிற்பான். காயமா? சிவப்புப் பொட்டலம். மனசு சரியில்லையா? அதற்கும் பொட்டலம் உண்டு. பொட்டலம் தீர்ந்ததா? டோக்கன் கொடுத்து வாங்குங்கள். டோக்கன் தீர்ந்ததா? கார்டு இருக்கிறது, யுபிஐ இருக்கிறது. மாசக் கடைசி, அக்கவுண்ட்டும் காலியா? பரவாயில்லை, ஏழைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். இன்னொரு விளையாட்டின் விளம்பரத்தை முழுசாகப் பாருங்கள், ஒன்றிரண்டு தருவார்கள். பார்த்து முடித்ததும் அடுத்த விளம்பரம் தயாராக நிற்கும்.

மொரின்யோவிடம் நிஜத்தில் இந்தப் பொட்டலம் இருந்திருந்தால் செல்சியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் டாட்டன்ஹாமும் ரோமாவும் வரிசையாக அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்குமா என்ன!

இங்கே யார் களைத்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தப் பையனுக்கு உடம்பு கிடையாது. நுரையீரல் கிடையாது. அவன் ஒரு சர்வரில் கிடக்கும் சில எண்கள். அந்த எண்ணைக் குறைத்தது யார்? கம்பெனி. கூட்டுவதற்குக் காசு கேட்பது யார்? அதே கம்பெனி. தெருக் குழாயை அடைத்தவனே லாரித் தண்ணீர் விற்பான் அல்லவா, அந்த வியாபாரம். குடத்தோடு வரிசையில் நிற்கும் நமக்குள்தான் சண்டை. முதலில் வந்தது யார், இரண்டு குடம் எடுத்தது யார். குழாயை அடைத்தவன் பெயரை எவரும் சொல்வதில்லை.

2021-இல் அமெரிக்காவின் டேக்-டூ நிறுவனம் நோர்டியஸை வாங்கியது. பேசிய விலை 37.8 கோடி டாலர் வரை. இல்லாத உடம்பின் இல்லாத களைப்புக்கு இருக்கிற பணம் அவ்வளவு.

சரி, காசைக் கட்டிப் பையனை வளர்த்தாயிற்று என்றே வைப்போம். டாப் லெவனில் ஒரு சீசன் 28 நாள். பொட்டலம் பொட்டலமாக ஊற்றி, ஒரு சீசன் முழுக்க உருட்டி, ஐந்து நட்சத்திர வீரனாக்கிவிட்டீர்கள். லீக்கை ஜெயித்தீர்கள். கோப்பை வந்தது. பட்டாசு வெடித்தது. அடுத்த சீசன் ஒரு மட்டம் மேலே ஏறினீர்கள். திரையைத் திறந்து பாருங்கள். உங்கள் வீரருக்கு ஒரு நட்சத்திரம் குறைந்திருக்கும். அவருக்கு மட்டுமல்ல, அணி முழுக்க. யாரும் அடிபடவில்லை, யாரும் குடித்துவிட்டு வரவில்லை. நீங்கள் ஜெயித்தீர்கள், அதுதான் குற்றம். மேல்மட்டத்தில் தரத்தை வேறு அளவுகோலால் அளக்கிறோம் என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சரி. குறைந்த நட்சத்திரத்தை மீட்க வழி? பயிற்சி. பயிற்சிக்கு வேண்டியது? பட்டை. பட்டைக்கு வேண்டியது?

சொல்லவே வேண்டாம். உங்கள் கை ஏற்கெனவே பாக்கெட்டில்.

ஜெயித்தவனிடமிருந்து பிடுங்கி, பிடுங்கியதை அவனுக்கே மறுபடி விற்பதற்குப் பெயர் 'முன்னேற்றம்'. வட்டிக்கடைக்காரருக்குக்கூட இந்தத் தைரியம் வராது. அவர் நகையைத் திருப்பித் தருவார்.

நெதர்லாந்துக்காரர்கள் நடத்தும் 'ஆன்லைன் சாக்கர் மேனேஜர்' இன்னும் வெளிப்படை. பயிற்சியில் ஆளை நிறுத்தினால் கடிகாரம் ஓடும். கடிகாரத்தைத் தள்ளிவிட பாஸ் காயின் என்று ஒன்று. அங்கே பயிற்சி என்பதே கடிகாரம்தான். மேனேஜர் செய்ய வேண்டிய ஒரே முடிவு, காத்திருப்பதா கட்டுவதா என்பது. அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது. வேட்டி வெள்ளை வெளேரென்று இருக்கும். பெயர் 'ஹாட்ரிக்'. சுவீடனில் 1997-இல் பிறந்தது. இந்த வகைக்கே பாட்டன். இங்கே பணம் கட்டினால் கூடுதல் புள்ளிவிவரம், அலங்காரம் என்று சில வசதிகள் வரும். மைதானத்தில் ஒரு கோல்கூடக் கூடுதலாக வராது. பாராட்ட வேண்டிய விஷயம், பாராட்டுகிறேன். ஆனால் அங்கே பயிற்சி நடக்கிற லட்சணத்தையும் கேளுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு திறமைதான். கிளப் முழுமைக்கும். இந்த வாரம் கோல் அடிக்கப் பழக்குகிறோம் என்று நீங்கள் முடிவு செய்தால், கோல்கீப்பர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தடுப்பாட்டக்காரர் தடுக்கக் கற்க மாட்டார். பயிற்சியாளர் இருக்கிறார், உதவியாளர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் சம்பளம் போகிறது. ஒருவரும் கோல்கீப்பர் பக்கம் திரும்பமாட்டார்கள். உலகத்தில் எந்த மைதானத்தில் இந்த அதிசயம் நடக்கிறது? நம்மூர் பள்ளிக்கூட பி.டி. வாத்தியார்கூட ஒரு கூட்டத்தை ஓடவிட்டு இன்னொரு கூட்டத்துக்குப் பந்து கொடுப்பார்.

அடுத்த அதிசயம். பயிற்சி மைதானத்தில் பயிற்சி கிடையாது. ஆட்டத்தில்தான். நடுக்கள ஆட்டம் பழக வேண்டிய பையன் அந்த வாரம் நடுக்களத்தில் 90 நிமிடம் நின்றிருக்க வேண்டும். நின்ற நிமிடத்துக்குத் தகுந்த கூலி. பதினேழு வயதுப் பையன் ஒருவனை வார இறுதி லீக் ஆட்டத்தில் நடுக்களத்தில் நிறுத்துகிறீர்கள். பன்னிரண்டாம் நிமிடம் காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். வார நடுவில் ஒரு நட்பு ஆட்டம் உண்டு, அதிலும் இறங்க முடியாது. வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு நிமிடக் கூலி. அடுத்த கணக்கு ஏழு நாள் கழித்து. இதற்காகவே நட்பு ஆட்டங்களில் தடுப்பாட்டக்காரரை முன்னால் நிறுத்தி, முன்கள வீரரைப் பின்னால் நிறுத்தி, அணியைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள் மேனேஜர்கள். இரண்டு பக்கமும் அப்படியே. தோற்பவருக்கும் கவலையில்லை, ஜெயிப்பவருக்கும் சந்தோஷமில்லை. இதன் பெயர் யதார்த்தம்.

ஹாட்ரிக்கில் வீரருக்கு ஒரு வயது கூட நம் காலண்டரில் 112 நாள். பதினேழு வயதுப் பையன் இருபத்தொன்று ஆவதற்குள் 448 நாள் ஓடிவிடும். வயது ஏற ஏறப் பயிற்சி மந்தமாகும். திறமை கூடக் கூட அடுத்த படி தூரமாகும். திறமையின் அளவு அங்கே வார்த்தையில் வரும். அடிமட்டத்தை ஒட்டி 'பேரழிவு', உச்சியில் 'தெய்வீகம்', நடுவில் வேற்றுக்கிரகம் வரை உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் உங்கள் பிள்ளை எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

முட்டாள்தனம்தான். ஆனாலும் நேர்மையான முட்டாள்தனம். பணக்காரனும் ஏழையும் ஒரே வரிசையில் நின்று ஒரே வெயிலில் காய்கிறார்கள்.

என் கோபம் அந்த விதி மீது அல்ல, அதைக் காவல் காக்கும் பெரிய மனிதர்கள் மீது. இரண்டு திறமையைப் பிரித்துப் பழக்க விடலாமே, கோல்கீப்பருக்குத் தனியாக ஒரு ஆள் போடலாமே என்று புதிதாக வந்தவர் வாய் திறந்து பார்க்கட்டும். உடனே மூத்தவர்கள் எழுந்து நிற்பார்கள். பொருளாதாரம் சரிந்துவிடும் என்பார்கள். பொறுமையே இந்த விளையாட்டின் ஆன்மா என்பார்கள். உனக்கு அவசரமென்றால் வேறு எங்காவது போ என்பார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். அவர்கள் குடோனைத் திறந்து பார்த்தால் உருக்கம் போய்விடும். பல வருடம் காத்துப் பழுக்க வைத்த வீரர்கள் அங்கே அடுக்கியிருப்பார்கள். பயிற்சி கொடுத்து விற்பதுதான் ஹாட்ரிக்கில் பெரிய வருமானம். பயிற்சி சுலபமானால் குடோன் சரக்கின் விலை விழும். பதுக்கி வைத்தவன் விலை இறங்குவதை என்றைக்கு வரவேற்றான்? ஆன்மா என்று அவர்கள் சொல்வது கையிருப்பை.

ஆக, ஒரு பக்கம் நம் நேரத்தை அடகு வைத்து வட்டி வாங்கும் கம்பெனி. மறுபக்கம் தன் நேரம் வீணானதை ஊரார் எல்லோருக்கும் சட்டமாக்கத் துடிக்கும் மூத்த குடிமக்கள். நடுவில் மாட்டியவர், ஆபீஸ் முடிந்து வந்து இருபது நிமிடம் தன் அணியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போக நினைத்த அப்பாவி.

யதார்த்தம் வேண்டும் என்று கொடி பிடிப்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவுபடுத்த வேண்டும். செர்னோ சாம்பா. 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' விளையாட்டின் 2001-02 பதிப்பில் இந்தப் பையனை வாங்கியவர்கள் எல்லாம் கோல் மழையில் நனைந்தார்கள். உலகத்தின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவராக அவர் வளர்வார் என்று எண்கள் சொல்லிவிட்டன. நிஜத்தில் காம்பியா நாட்டு அணிக்கு ஆடினார். சிறிய கிளப்புகளில் ஆடினார். கோல் மழை வரவில்லை. அந்த வழியில் வந்த ஃபுட்பால் மேனேஜரில் ஒவ்வொரு வீரருக்கும் 200 வரை ஒரு உச்சவரம்பு எண் மறைந்திருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டி எந்தப் பயிற்சியாளரும் அவரைத் தூக்க முடியாது. பயிற்சி முறையை எவ்வளவு நுணுக்கமாக வகுத்தாலும் கடைசியில் பையனின் தலையெழுத்தை எழுதுவது ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டவர். மனித வாழ்க்கையை அப்படியே எண்ணில் பிடித்துவிட்டோம் என்று பீற்றிக்கொள்பவர்கள் சாம்பாவை நினைத்து இரண்டு நிமிடம் மௌனமாக இருக்கலாம். நான் கேட்பது யதார்த்தம் அல்ல. நியாயம்.

நியாயம் கேட்டால் கம்பெனிகள் உடனே ஒப்பாரி வைக்கும். இலவசமாகத் தருகிறோமே, இந்தப் பொட்டலங்களையும் விற்காவிட்டால் எப்படிப் பிழைப்பது? இந்த ஒப்பாரிக்கும் பதில் இருக்கிறது. இ.ஏ. நிறுவனத்தின் ஃபிஃபா விளையாட்டில் 'அல்டிமேட் டீம்' என்று ஒரு பகுதி. களைத்த வீரரை எழுப்ப அங்கே உடற்தகுதிச் சீட்டு, திறமையைக் கூட்டப் பயிற்சிச் சீட்டு என்று வருடக்கணக்கில் இருந்தன. 2020-இல் வந்த ஃபிஃபா 21-இல் இரண்டையும் தூக்கிவிட்டார்கள். வானம் இடிந்து விழுந்ததா? 2021 மார்ச்சில் முடிந்த அந்த நிதியாண்டில் அவர்களின் எல்லா விளையாட்டுகளின் அல்டிமேட் டீமும் சேர்ந்து கொடுத்தது 162 கோடி டாலர், பெரும்பங்கு ஃபிஃபாவிலிருந்து. இ.ஏ. திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சீட்டுக்கட்டை விற்கும் பெரிய கடையை அவர்கள் மூடவில்லை. 2019-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அதைப் பற்றிக் கேட்டபோது, குழந்தைகள் வாங்கும் கிண்டர் முட்டையைப் போலத்தான் என்று அவர்கள் பிரதிநிதி கூசாமல் சொன்னார். ஆனால் ஒன்று நிரூபணமாகிவிட்டது. ஓய்வுக்குக் காசு வாங்காமலும் ஒரு கம்பெனி செத்துப்போகாது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்தது. ட்ரீம்11 பணப் போட்டிகளை மூடியது. இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்து அதன் பெயரும் இறங்கியது. ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்துக்கு அழப்போகிறவர் குறைவு. ஆனால் சட்டத்தின் கண், பணம் ஜெயிக்கும் ஆசையில் பணம் கட்டுகிறவர் மீது. மேனேஜர் கேமில் அந்த ஆபத்தே கிடையாது. கட்டலாம், கட்டிக்கொண்டே இருக்கலாம், ஒரு பைசா திரும்பி வராது. திரும்பி வரக்கூடும் என்று நம்பிப் போட்டால் சூதாட்டம். வரவே வராது என்று தெரிந்து போட்டால் பொழுதுபோக்கு.

பயிற்சி எப்படித்தான் நடக்க வேண்டும் என்கிறாய் என்று கேட்டால், பதில் சிக்கலானது அல்ல. ஒரு பயிற்சியாளருக்கு ஒரு வாரத்தில் இவ்வளவுதான் நேரம். அதை யாருக்குக் கொடுப்பது? வயதானவரின் கடைசி சீசனுக்கா, நாளைய பையனுக்கா? நாலு நாள் விரட்டினால் திறமை கூடும், தசை பிடிக்கும். ஆட்டத்தில் குறைவான ஆளோடு நிற்க வேண்டும். மேனேஜர் தூக்கம் கெட வேண்டியது இந்தக் கேள்விகளில். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும், அந்த விலையை ஆட்டத்துக்குள்ளேயே கட்ட வேண்டும். அப்படியொரு திட்டத்தில் கோடீஸ்வரரும் தோற்கலாம், மளிகைக் கடைப் பையனும் ஜெயிக்கலாம். வெளியிலிருந்து பணத்தைக் கொண்டுவந்து கடிகாரத்தில் சொருகும் ஓட்டையை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை எத்தனை அழகாக வரைந்து காட்டினாலும் அது நாடகம். நோட்டை நீட்டுகிறவனுக்கு எந்த முடிவும் கஷ்டமான முடிவு அல்ல.

கம்பெனிகள் அந்த ஓட்டையை அடைக்கும் என்று நம்பி யாரும் உட்கார வேண்டாம். குறைந்தபட்சம் வெளிச்சமாவது போடச் சொல்லலாம். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் சில நெறிமுறைகளை வெளியிட்டார்கள். டோக்கன், காயின், வைரம் என்று எதில் விலை சொன்னாலும் பக்கத்திலேயே அது நிஜப் பணத்தில் எவ்வளவு என்று காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. இங்கேயும் அதைக் கேட்போம். ஒரு படி மேலே போயும் கேட்போம். பயிற்சித் திரையின் உச்சியில், வீரரின் பெயருக்கு நேரே, ஒரே ஒரு வரி: 'இவருக்காக நீங்கள் இதுவரை கட்டியது இத்தனை ரூபாய்.' இதைப் போட ஒரு புரோகிராமருக்கு ஒரு மதியம் போதும். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் காட்டவில்லை. அடுத்த டோக்கனை வாங்கும் முன் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.